ஏட்டுச் சுரைக்காயும் எண்ணெய்க் கணக்கும்

எண்கள் பொய் சொல்லா என்னும் நம்பிக்கையில் வளர்ந்த தலைமுறை ஒன்று மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் உண்டு. கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதிய விடை சரியென்றால் சரி, தவறென்றால் தவறு. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை ஒன்று இருக்கக்கூடும் என்பதை அத்தலைமுறை எண்ணிப் பார்த்ததில்லை. பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் குடியிருந்து, நாள்தோறும் பாலத்தைக் கடந்து, செபராங் பிறையிலுள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்துவந்த ஆசிரியர் ஒருவரும் அத்தலைமுறையைச் சேர்ந்தவரே. ஐம்பதைக் கடந்த அவருடைய நம்பிக்கையை அசைத்துப் பார்த்தது, ஒரு காரின் விளம்பர ஏட்டில் அச்சாகியிருந்த ஓர் எண்ணாகும்.

2022ஆம் ஆண்டு அவர் தம் பழைய காரை விற்றுவிட்டு ஹைப்ரிட் வகைக் கார் ஒன்றை வாங்கினார். பெட்ரோல் இயந்திரமும் மின்னோடியும் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து ஓட்டும் அவ்வகைக் கார் மலேசியாவுக்குப் புதியதன்று. 2011 முதல் 2013 இறுதிவரை, 2,000 சி.சி.க்கு உட்பட்ட இயந்திரம் கொண்ட ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் அரசு முழுமையாகத் தள்ளுபடி செய்தது. அக்காலத்திலேயே டொயோட்டா பிரியஸ், ஹோண்டா இன்சைட் போன்றவை ஜார்ஜ்டவுன் தெருக்களில் ஓசையின்றி ஊர்ந்து செல்வதைப் பலர் கண்டிருக்கின்றனர். ஆசிரியரும் கண்டவர்தாம். ஆயினும் வாங்கும் துணிவு வந்தது அந்த எண்ணைக் கண்ட பின்னரே. நூறு கிலோமீட்டர் ஓடுவதற்கு நான்கு லிட்டர் பெட்ரோல் போதும் என்றது ஏடு. அதாவது, லிட்டருக்கு 25 கிலோமீட்டர்.

கணித ஆசிரியர் அல்லவா? வீட்டுக்கு வந்ததும் தாளையும் பென்சிலையும் எடுத்தார். பள்ளிக்குச் சென்று திரும்ப நாளொன்றுக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். வார இறுதிப் பயணங்களையும் சேர்த்தால் மாதத்திற்கு 1,500 கிலோமீட்டர். பழைய கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடியது. ஆகவே மாதம் 125 லிட்டர். புதிய காருக்கு 60 லிட்டரே தேவை. மிச்சம் 65 லிட்டர். அந்நாளில் ஆர்.ஓ.என். 95 வகைப் பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசு. ஆக, மாதந்தோறும் 133 வெள்ளி 25 காசு கையில் நிற்கும்.

அந்தப் பணத்திற்கு அவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. கணவரை இழந்த தங்கையின் மகள் அவ்வாண்டுதான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தாள். “மாதம் நூற்று முப்பது வெள்ளி மாமா அனுப்புவார், உணவுச் செலவைப் பற்றி நீ கவலைப்படாதே” என்று அவர் சொல்லிவிட்டார். தம் சம்பளத்தில் கைவைக்காமல், எண்ணெய்ச் செலவில் மிஞ்சுவதைக் கொண்டே ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவிவிடலாம் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமிதம்.

அவர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கட்டம் போட்ட கணக்குப் புத்தகந்தான். ஒரே எண்ணெய் நிலையத்தில், ஒரே குழாயில், அது தானாக நின்ற இடத்தோடு நிறுத்தி, நிரப்பிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் குறித்து வந்தார். முதல் மாதம் முடிந்தது. ஓடியது 1,500 கிலோமீட்டர். ஊற்றியது 80 லிட்டர். லிட்டருக்கு 18.75 கிலோமீட்டர்! வகுத்ததில் பிழையோ என்று மீண்டும் வகுத்துப் பார்த்தார். பிழையில்லை. இரண்டாம் மாதமும் ஏறத்தாழ அதே விடை. காரின் முகப்புத் திரை காட்டிய எண் மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆனால், பணம் செலுத்துவது திரைக்கன்று, குழாய்க்கே என்பதால் அவர் அதனைக் கணக்கில் கொள்ளவில்லை.

மிச்சம் 92 வெள்ளி 25 காசாகக் குறைந்தது. ஏடு சொன்னதற்கும் நடந்ததற்கும் இடைவெளி 41 வெள்ளி. பெரிய தொகையன்று. எனினும், ஏமாற்றப்பட்டோம் என்னும் எண்ணம் தொகையைப் பார்த்து வருவதில்லை. தங்கை மகளுக்குச் சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை. 130 வெள்ளி தவறாமல் போயிற்று. குறைந்த பணம் அவருடைய காலைத் தேநீரிலும் வார இதழ்களிலும் பிடித்தம் செய்யப்பட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முன்னோர் சொன்னது இதைத்தானோ என்று மனைவியிடம் சொல்லி வருந்தினார். விற்பனைக் கூடத்திற்குச் சென்று கேட்டபோது, “அது ஓட்டுகிற விதத்தைப் பொறுத்தது சார்” என்னும் விடையே கிடைத்தது. முப்பதாண்டுக் காலம் ஒழுங்காகக் கார் ஓட்டியவருக்கு அவ்விடை வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலாயிற்று.

காரில்தான் கோளாறோ என்னும் ஐயத்தோடு ஜெலுத்தோங் பகுதியிலுள்ள பட்டறை ஒன்றுக்கு அவர் சென்றார். பட்டறையை நடத்துபவர் அவருடைய பழைய மாணவர். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய அந்த இளைஞர், கைகளிலிருந்த கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே ஆசிரியரின் குறிப்பேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். காரைக் கருவியில் இணைத்துச் சோதித்தார். டயர்களின் காற்றழுத்தம் குறைந்திருந்ததைச் சரிசெய்தார். பின்னர்ப் பணிவாகச் சொன்னார்: “காரில் ஒன்றும் கோளாறு இல்லை சார். அந்த எண் பரீட்சை மார்க்கு மாதிரி. பரீட்சை எப்படி நடந்தது என்று பார்த்தால் உங்களுக்கே தெரியும்.”

அந்தப் பரீட்சையை அறிய வேண்டுமானால், முதலில் மாணாக்கனை அறிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் கார் நிற்கும்போது, அது ஓடிச் சேர்த்த வேகமெல்லாம் நிறுத்துத் தட்டுகளின் உராய்வில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஹைப்ரிட் கார் அவ்வாற்றலில் ஒரு பகுதியை மின்னாற்றலாக மாற்றி மின்கலத்தில் சேமித்து, அடுத்த புறப்பாட்டுக்குப் பயன்படுத்துகிறது. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பெட்ரோல் இயந்திரம் தானே அடங்கிவிடுகிறது. மெதுவாக ஊரும்போது மின்னோடியே இழுத்துச் செல்கிறது. இயந்திரம் எந்த நிலையில் மிகக் குறைந்த எரிபொருளில் மிகுந்த வேலை செய்யுமோ, அந்நிலையில் அதை இயக்கவே கணிப்பொறி முயல்கிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸ் முதல் இன்றுவரை அடிப்படை இதுவே. ஆகவே, நின்று நின்று செல்லும் நகரப் பயணமே இம்மாணாக்கனுக்கு மிகவும் பிடித்த பாடம்.

இனிப் பரீட்சையைப் பார்ப்போம். ஆசிரியர் படித்த ஏட்டின் அடியில், சிறிய எழுத்தில், பழைய ஐரோப்பியச் சோதனை முறையின் பெயர் இருந்தது. அச்சோதனை சாலையில் நடப்பதில்லை. கூடத்திற்குள், உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு நடத்தப்படுவது. மொத்தம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்திற்கும் சற்றுக் குறைவு. ஓடும் தூரம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 33 கிலோமீட்டர் அளவு. நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 விநாடி தரப்படுகிறது. ஜெலுத்தோங் சாலையில் ஒருவர் அவ்வாறு புறப்பட்டால், பின்னால் வருவோரின் ஒலிப்பான்கள் அவரைச் சும்மா விடமாட்டா. சோதனை நேரத்தில் ஏறத்தாழ கால் பங்கு கார் அசையாமல் நிற்கிறது. அப்பொழுதெல்லாம் ஹைப்ரிட் காரின் இயந்திரம் உறங்குகிறது. குளிர்சாதனம் இயக்கப்படுவதில்லை. மேடில்லை, மழையில்லை, பின்னிருக்கையில் மூவர் இல்லை.

பினாங்கு வாழ்க்கையோ வேறு. ஆண்டின் பன்னிரண்டு மாதமும் நண்பகல் வெப்பம் முப்பது பாகையைத் தாண்டும் இத்தீவில் குளிர்சாதனமின்றிக் கார் ஓட்டுபவர் எவர்? வெயிலில் நின்ற காரின் உள்ளறையைக் குளிர்விப்பதற்கே பேராற்றல் தேவை. மின்கலம் அதற்கு ஈடு கொடுத்துத் தளரும்போது, கார் நின்றுகொண்டிருந்தாலும் பெட்ரோல் இயந்திரம் விழித்துக்கொள்கிறது. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளமுடையது. நெரிசலற்ற வேளையில் ஒரே சீரான வேகத்தில் ஓடும்போது, நிறுத்துவதும் இல்லை. ஆதலால் சேமிப்பதும் இல்லை. அங்கே ஹைப்ரிட் கார் தன் சிறப்புத் திறமையைக் காட்ட வாய்ப்பின்றி, கடற்காற்றை எதிர்த்துச் சாதாரணக் காரைப் போலவே உழைக்கிறது. ஆசிரியர் சனிக்கிழமைகளில் மலைச்சாலை வழியே பாலிக் பூலாவ் சென்று வருவார். ஏறும்போது எண்ணெய் கரைகிறது. இறங்கும்போது மின்கலம் பாதி வழியிலேயே நிரம்பிவிடுகிறது. அதன்பின் சேமிக்க இடமில்லாமையால் மிச்ச இறக்கத்தின் ஆற்றல் வீணாகிறது. சிறிய குடத்தை அருவியில் பிடித்த கதைதான்.

இவ்வளவையும் கேட்டறிந்த ஆசிரியர், இக்குறை தமக்கு மட்டும் வாய்த்ததோ என்று தேடலானார். தேடத் தேட, தம் குறிப்பேட்டிலுள்ள கேள்வி உலகத்தின் பெரிய நாடுகளையெல்லாம் ஏற்கெனவே அலைக்கழித்த கேள்வி என்பது அவருக்குப் புலனாயிற்று.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், கார்களின் எரிபொருள் சிக்கனத்தை அளந்து அறிவிக்க அமெரிக்கா 1975இல் சட்டம் இயற்றியது. ஆனால், அறிவிக்கப்பட்ட எண் மக்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, 1985ஆம் ஆண்டுக் கார்கள் முதல், நகரப் பயண எண்ணில் நூற்றுக்கு 10 விழுக்காடும் நெடுஞ்சாலை எண்ணில் 22 விழுக்காடும் கழித்தே அச்சிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதுவும் போதாமற்போகவே, 2008ஆம் ஆண்டுக் கார்கள் முதல் மேலும் மூன்று சோதனைகள் சேர்க்கப்பட்டன: வேகமாகவும் வன்மையாகவும் ஓட்டும் சோதனை ஒன்று, கடுங்குளிரில் ஒன்று, 35 பாகை வெப்பத்தில் குளிர்சாதனத்தை இயக்கிய நிலையில் ஒன்று. 2004ஆம் ஆண்டுப் பிரியஸ் காருக்கு நகரில் கேலனுக்கு 60 மைல், நெடுஞ்சாலையில் 51 மைல் என்று இருந்த மதிப்பு, புதிய முறையில் 48, 45 எனச் சுருங்கியது. கார் மாறவில்லை; கேள்வித்தாளே மாறியது.

நாட்டுக்கு நாடு கேள்வித்தாள் மாறும் விந்தையும் உண்டு. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் காரின் பெரும்பாலான வகைகளுக்கு ஜப்பானின் பழைய முறை லிட்டருக்கு 35.5 கிலோமீட்டர் என்று மதிப்பளித்தது. அதே நாடு பின்னர்க் கொண்டுவந்த முறையில் அது 30.4 ஆயிற்று. அதே தலைமுறைக் காருக்கு அமெரிக்கா அளித்த மதிப்பு கேலனுக்கு 50 மைல். அதை மாற்றிக் கணக்கிட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். ஒரே மாணாக்கன் மூன்று பள்ளிகளில் மூன்று விதமான மதிப்பெண் பெற்ற கதை இது. இந்தியச் சோதனை முறையில் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் காருக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட 26.5 கிலோமீட்டர் என்னும் எண்ணையும் இக்கண்கொண்டே நோக்க வேண்டும்.

எண்ணை நம்பியவர்கள் நீதிமன்றப் படியேறியதும் உண்டு. கேலனுக்கு 50 மைல் என்று மதிப்பிடப்பட்ட 2006ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் கார் தமக்கு 30 மைல் அளவே தந்ததாக, கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி சிறுகோரிக்கை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2012 பிப்ரவரியில் அவருக்கு 9,867 டாலர் அளிக்கத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. அச்சிட்ட எண் ஒரு வாக்குறுதியா, அன்றி ஓர் ஒப்பீடா என்னும் கேள்வியில் நீதிபதிகளே ஒருமித்த விடை காணவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஃபோர்டு சி-மேக்ஸ் ஹைப்ரிட் காரின் கதை வேறு வகையானது. உறவுக்காரான மற்றொரு மாதிரியின் சோதனை எண்ணையே, விதி இடங்கொடுத்தது என்று அந்நிறுவனம் இதற்கும் இட்டிருந்தது. தனியே அளந்தபோது 47 மைல் என்பது 2013இல் 43 ஆயிற்று. மறு ஆண்டே 40 ஆயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று ஊரில் சொல்வார்கள்.

இவற்றுக்கிடையே, கேள்வித்தாள் எளிதாக இருப்பது வேறு. விடைத்தாளைத் திருத்திக்கொள்வது வேறு என்பதையும் மறந்துவிடலாகாது. 2016 ஏப்ரலில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் தன் சிறிய கார்களின் சோதனைத் தரவுகளை முறைகேடாகக் கையாண்டதை ஒப்புக்கொண்டது. அப்போது குறிப்பிடப்பட்ட கார்கள் 6,25,000. விதிக்கு மாறான அளவு முறையை 1991 முதலே அந்நிறுவனம் கையாண்டு வந்ததும் வெளிப்பட்டது. இது பிழையன்று, குற்றம். மாணாக்கன் எளிய தேர்வில் நிறைய மதிப்பெண் பெற்றால் அவனைக் குறைகூற முடியாது. பார்த்து எழுதினால் மன்னிக்க முடியாது.

ஐரோப்பாவின் கதையே ஆசிரியரை மிகவும் சிந்திக்க வைத்தது. 2001இல் ஏட்டுக்கும் சாலைக்கும் இடைவெளி நூற்றுக்கு ஒன்பது விழுக்காடு அளவே இருந்தது. 2015இல் அது 42 விழுக்காடாக வளர்ந்துவிட்டதாக, தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு ஆய்வு மன்றம் கணக்கிட்டது. சோதனை அப்படியே இருக்க, இடைவெளி மட்டும் வளர்ந்தது எவ்வாறு? ஆண்டுக்காண்டு அதே கேள்விகளே வருமென்றால், மாணாக்கன் பாடத்தைப் படிப்பதை விட்டுவிட்டுத் தேர்வைப் படிக்கத் தொடங்கிவிடுகிறான். கார் நிறுவனங்களும் அதையே செய்தன. அதனால்தான் 2017 செப்டம்பரில் புதிய சோதனை முறை வந்தது: 1,800 விநாடி, 23 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம், கூடிய வேகம், கூடிய ஏற்ற இறக்கம். எனினும் இடைவெளி முற்றும் மூடவில்லை. கார்களிலேயே பொருத்தப்பட்ட அளவுக் கருவிகளைக் கொண்டு ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, பெட்ரோல், டீசல் கார்கள் ஏட்டளவைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகவே எரிபொருள் கொள்கின்றன என்றது. வீட்டில் மின்னேற்றம் செய்துகொள்ளும் வகை ஹைப்ரிட் கார்களோ ஏட்டளவைப் போல் சராசரி மூன்றரை மடங்கு புகை கக்கின. காரணம் எளியது. உரிமையாளர் ஒழுங்காக மின்னேற்றுவார் என்று நம்பி எண் கணக்கிடப்பட்டது; பலர் மின்கம்பியைத் தொடவே இல்லை. ஆகவே, ஏட்டை மட்டும் பழிப்பதும் முறையன்று. ஏறி அமர்ந்தவனுக்கும் இதில் பங்குண்டு.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர், ஆசிரியர் தம் குறிப்பேட்டை ஆறாம் ஆண்டு வகுப்பறைக்கு எடுத்துச் சென்றார். கரும்பலகையில் மூன்று எண்களை எழுதினார்: 12, 18.75, 25. முதலாவது பழைய கார். இரண்டாவது சாலையில் கண்டது. மூன்றாவது ஏட்டில் உள்ளது. “பன்னிரண்டிலிருந்து பதினெட்டே முக்காலுக்கு ஏறியது 6.75. அங்கிருந்து இருபத்தைந்துக்கு ஏற வேண்டியது 6.25. அப்படியானால் எனக்குக் கிடைத்த சேமிப்பும் கிடைக்காமற்போன சேமிப்பும் ஏறக்குறையச் சமந்தானே?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் ஆமாம் என்றது. “நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள்” என்றார்.

பிள்ளைகள் வகுத்தனர். விடைகள் வந்தன: 8.33, 5.33, 4. கிடைத்த சேமிப்பு 3 லிட்டர், கிடைக்காமற்போனது 1.33 லிட்டர். இரண்டுக்கும் இடையே இரு மடங்குக்கு மேல் வேறுபாடு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அளக்கும்போது, எண் ஏற ஏற அதன் உண்மைப் பயன் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதைக் கண்டு பிள்ளைகள் வியந்தனர். பிள்ளைகளைவிட ஆசிரியரே அதிகம் வியந்தார். ஏமாற்றத்தில் ஆழ்ந்திருந்த இத்தனை மாதங்களில், மாதம் 45 லிட்டர் உண்மையாகவே மிஞ்சியிருப்பதை அவர் ஒருநாளும் மகிழ்ச்சியோடு எண்ணிப் பார்க்கவில்லை. இல்லாத 20 லிட்டரையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போது முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: “வண்டி தப்பா, ரோடு தப்பா, புத்தகம் தப்பா ஐயா?”

அவர் உடனே விடை சொல்லவில்லை. மூன்றும் தப்பில்லை என்று சொல்லலாம். ஏட்டிலுள்ள எண், எல்லாக் கார்களையும் ஒரே நிலையில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டுப் பெற்ற விடை. இரண்டு கார்களில் எது சிக்கனமானது என்று அறிய அது உதவும். ஆனால், பாலத்தைக் கடந்து, மலையேறி, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, நெரிசலில் காத்துக்கிடந்து ஒருவர் ஓட்டப் போகும் பயணத்தைப் பற்றி அந்த எண் பேசவே இல்லை. அது பேசாததைப் பேசியதாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது அவர்தாம். “புத்தகம் தப்பில்லை அம்மா. புத்தகத்திடம் நான் கேட்ட கேள்விதான் தப்பு” என்றார். சிறுமி அமர்ந்தாள். அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, ஆசிரியருக்கு அன்று மற்றொன்று விளங்கிவிட்டது.

1988இல் தொடங்கி 2021இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வை அறியாத தமிழாசிரியர் மலேசியாவில் இல்லை. அத்தேர்வின் முடிவுத் தாள் வரும் நாளில் பள்ளி வாசலில் பெற்றோர் கூடியிருப்பர். ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளில், ஓசையற்ற மண்டபத்தில், குறித்த நிமிடங்களுக்குள் பெற்ற எழுத்துகளை வைத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முழுப் பயணத்தையும் பலர் கணித்துச் சொல்லியிருக்கின்றனர். ஜெலுத்தோங் பட்டறையின் உரிமையாளர் அத்தேர்வில் ஓர் ‘ஏ’ கூடப் பெற்றதில்லை. முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவருடைய தாயிடம், “இவனிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்” என்று அன்று சொன்னவர் இந்த ஆசிரியரே. உள்நோக்கம் எதுவுமில்லை, எண்ணைப் பார்த்தார், சொன்னார். அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. மின்கலமும் மின்னோடியும் கணிப்பொறியும் பின்னிக் கிடக்கும் ஓர் இயந்திரத்தின் நுட்பத்தை, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே சிறுவன் அவருக்கே பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. கார் ஏட்டளவை எட்டவில்லை என்று வருந்தியவர், தாம் எழுதிக் கொடுத்த ஏட்டளவை ஒருவர் தாண்டிச் சென்றிருப்பதைக் கண்ணெதிரே கண்டார். இரண்டும் ஒரே பிழையின் இருபுறங்கள்.

அடுத்த முறை பட்டறைக்குச் சென்றபோது, அவர் அந்தப் பழைய சொல்லை நினைவுபடுத்தி வருத்தம் தெரிவித்தார். “அம்மா அதை அப்போதே மறந்துவிட்டார் சார்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார் பழைய மாணவர். தாம் மறந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை.

கார் இன்னும் ஓடுகிறது. டயரில் காற்றழுத்தத்தை மாதமிருமுறை பார்ப்பது, சமிக்ஞை விளக்குக்கு நெடுந்தொலைவிலேயே வேகத்தைத் தணிப்பது, வெயிலில் நின்ற காரின் கண்ணாடிகளைச் சற்றுத் திறந்து சூட்டை வெளியேற்றிய பின் குளிர்சாதனத்தைப் போடுவது ஆகிய பழக்கங்களால் 80 லிட்டர் 74 ஆகியிருக்கிறது. 60 ஆகவில்லை, ஆகப்போவதுமில்லை. 2025 செப்டம்பர் 30ஆம் நாள் உதவித்தொகைப் பெட்ரோலை அடையாள அட்டை வழியே, தகுதியுள்ள குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 300 லிட்டர் என்னும் வரம்போடு, லிட்டர் 1 வெள்ளி 99 காசு விலையில் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, தமக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்பதை ஒரு நொடியில் சொல்லக்கூடியவராக அவர் இருந்தார். அவருடைய கணக்கு இப்பொழுது ஏட்டிலிருந்து வருவதன்று. தங்கை மகளின் படிப்பு முடியும்வரை 130 வெள்ளி ஒரு மாதமும் தவறவில்லை. அதில் எவ்வளவு எண்ணெயில் மிஞ்சியது, எவ்வளவு தேநீரில் மிஞ்சியது என்பது குறிப்பேட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மையே. ஆனால், எந்தச் சுரைக்காய் பெரியது, எது சிறியது என்று தேர்ந்துகொள்ள ஏடு உதவும். கறிக்கு வேண்டுமானால் தோட்டத்திற்குத்தான் செல்ல வேண்டும். காருக்கு அத்தோட்டம் சாலை. பிள்ளைக்கு அது வாழ்க்கை. இவ்வேறுபாட்டை அறிந்த ஆசிரியரின் கையிலுள்ள மதிப்பெண் பட்டியல் எவரையும் காயப்படுத்தாது.